கார்பன் நகல்

வாங்கி நான்கு மாதம் ஆகிறது,
பன்னிரண்டு நிற டப்பாவும்
தடித்த தாள் கட்டும்.
லாரன்ஸ் ரோட்டுக் கடைக்காரர் கேட்டார்:
பையனுக்கா, பொண்ணுக்கா?
பையனுக்கு என்றேன்.
எனக்குப் பையன் இல்லை.
நாற்பத்து மூன்று வயது இருக்கிறது.

ஒரு தாள் முப்பத்தைந்து ரூபாய்.
வெள்ளையாகவே கிடந்தால்
எல்லாப் படமும் அதற்குள் இருக்கும்,
ஒரு கோடு போட்டால்
மற்றதெல்லாம் போய்விடும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அழகாகத்தான் இருந்தது
அந்தச் சாக்கு.

முதுநகர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
விடிகாலை மூன்றரைக்கு
அரவை மெஷின் பார்களைக் கடித்துத் துப்பும்.
பாவாடை கொக்கியால் இழுத்து வந்து
"எழுதிக்க, முப்பது" என்பார்.
முப்பது என்று எழுதுவேன்.
படகு, பார், பாக்கி.
இருபது வருடமாக என் எழுத்து
உப்பனாற்றின் வாய் தாண்டிக்
கடலுக்குப் போகிறது.
மீன் வாசனையோடுகூடத் திரும்பி வந்ததில்லை.

தடைக்காலம் முடிந்த முதல் வாரம்
ஒருநாள் கரண்ட் போனது.
மெஷின் வாயை மூடியதும்
துறைமுகம் முழுக்க இருமல் சத்தம் கேட்டது.
யாரோ பீடி பற்றவைத்தார்கள்.
எதிரே ஒரு படகு,
வலைக் குவியலின் மேல் ஒரு நாய்,
மூக்கை வாலுக்குள் சொருகித் தூங்குகிறது.
கையில் பேனா இருந்தது.
செல்போன் வெளிச்சத்தில்
பாக்கிக் கட்டத்துக்குக் கீழே
நாயின் முதுகு தானாக வளைந்தது.
அதற்குப் பிறகு படகு, கயிறு, கம்பம்.
யோசிக்க நேரமில்லை,
அதனால் பயப்படவும் நேரமில்லை.

கரண்ட் வந்துவிட்டது.
எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.
கிழித்துக் கொடுத்துவிட்டேன்.
படகு அலையில் ஏறிய பிறகுதான்
கார்பனைத் தூக்கிப் பார்த்தேன்:
அடியில் இன்னொரு நாய்,
நீலமாக,
இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

ஐந்து நாள் சோறு இறங்கவில்லை.
மெனக்கெட்டு யார் ஐஸ் பில்லைப் பார்ப்பார்கள்
என்று ஒரு மனசு.
பார்க்காமலே போய்விட்டால்
என்று இன்னொன்று.

ஆறாம் நாள் தேசிங்கு வந்தான்,
சோனாங்குப்பத்துக்காரன்,
என்னைவிடப் பத்து வயது சின்னவன்.
முழங்கால் வரை ஈரம்.
பில்லை மேஜைமேல் அறைந்தான்.
"யாரு வரைஞ்சது?"
மின்விசிறியைப் பார்த்தேன்.
"கயிறு தப்புக்கா.
இப்படிக் கட்டினா என் படகு
நேரா நாகப்பட்டினம் போய் நிக்கும்."
பிறகு, வேறு குரலில்:
"நாய் சரியா இருக்கு.
பசங்க வீல் ரூம்ல ஒட்டி வச்சிருந்தானுங்க,
நான்தான் பிச்சிட்டு வந்தேன்.
கயிறைச் சரிபண்ணிக் குடு."

தப்பு என்று ஒருவன் சொன்னதற்கு
இவ்வளவு சந்தோஷப்பட்டது
அன்றைக்குத்தான்.

ராத்திரி தடித்த தாளை எடுத்தேன்.
டப்பா கடலுக்கு நீலம் வைத்திருக்கிறது,
உப்பனாறோ டீ நிறத்தில்தான் ஓடுகிறது.
பழுப்போடு பச்சையைக் குழைத்தேன்.
தண்ணீர் அதிகம்.
ஆறு கரையை மீறி
மேஜை விரிப்பில் சொட்டியது,
முப்பத்தைந்து ரூபாய் ஓரத்தில் சுருண்டது.
தனியாக உட்கார்ந்து
சத்தமாகச் சிரித்தேன்.
இன்னொரு தாள் எடுத்தேன்.

மாதக் கடைசியில் உமாபதி சார்
நகல் புத்தகத்தைப் புரட்டினார்.
நாய். கயிறு.
ஒரு நண்டு.
கொக்கியோடு பாவாடை, முதுகு மட்டும்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டினார்.
"இது என்னம்மா?"
"நண்டு சார்."
"ஜி.எஸ்.டி. போட்டாச்சா?"
"போட்டாச்சு சார்."
கையெழுத்து போட்டார்,
நண்டின் மேல் படாமல்,
கொஞ்சம் தள்ளி.